மணிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்

புனேயில் எங்கள் குடியிருப்பில் பதினொரு வீடுகளில் நாய் இருக்கிறது. அதில் பத்து நாய்கள் இங்கிலீஷ் மீடியம். 'சிட்', 'ஸ்டே', 'கம் கம் கம்', கூடவே 'நோ நோ நோ'. பதினொன்றாவது எங்கள் வீட்டு மணி. லாப்ரடார். பிறந்தது பிம்ப்ரி பக்கம், வளர்ந்தது வாகட்டில். ஆனாலும் பிள்ளைக்குத் தமிழ் தவிர வேறு மொழி புரியாது.

பெயரிலேயே ஒரு கூத்து இருக்கிறது. மராத்தியில் 'மனீ' என்பது பூனைக்கு வைக்கிற பெயர். மனீமாவூ என்றுதான் குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். முப்பத்திரண்டு கிலோ கறுப்பு லாப்ரடாரை நான் 'மணி' என்று கூப்பிடும்போதெல்லாம் கீழ்வீட்டுப் பாட்டி சிரிப்பார். ஏற்கெனவே ஒரு தங்கமணி இருக்கிற வீட்டில் இந்தப் பெயர் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெயர் வைத்தது அம்மா. அப்பீல் கிடையாது.

மணி 2021-ல் வந்தான். அப்பா போன பிறகு, 2022-ல் அம்மா நாகர்கோவிலிலிருந்து வந்தாள். இரண்டு பேரும் வந்த புதிதில் கிட்டத்தட்ட ஒரே நிலைமைதான். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போய்விடுவோம், திரும்பி வர ஏழாகும். அம்மாவுக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது. மகளுக்கு அப்போது பத்து வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரும். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், சம்பளமில்லாமல். மாதம் ஒரு முறையாவது அம்மா, "அடுத்த மாசம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விட்டுரு மக்ளே" என்பாள்.

இந்தச் சமயத்தில்தான் மகள் மணியை ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆரம்பித்தாள். மீரட்டில் ராணுவத்தின் கால்நடைப் பிரிவில் நாய்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் காலை ஆறு மணிக்கு ஒரு மைதானத்தில் சொல்லித் தருகிறார். சிலர் நாய் வீட்டில் அடங்கி இருந்தால் போதும் என்று வருகிறவர்கள். சிலர் போட்டிக்குத் தயாராகிறவர்கள். மகள் இரண்டாவது வாரமே இரண்டாவது கூட்டத்தில் போய் நின்றுவிட்டாள்.

நாய்ப் போட்டி என்றால் நம்மூரில் கண்காட்சிதான் ஞாபகம் வரும். சீவி, பவுடர் போட்டு, பல்லைக் காட்டி நடத்துவது. இது வேறு. நாய் எப்படி இருக்கிறது என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை, என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இதைத் தொடங்கி வைத்த ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் பூடில் நாய் வளர்த்தவர். தன் பூடில்கள் வெறும் அலங்காரப் பொம்மைகள் இல்லை என்று நிரூபிக்க 1933-ல் நியூயார்க் பக்கம் மவுண்ட் கிஸ்கோவில் ஒரு கீழ்ப்படிதல் போட்டி நடத்தினார். 1936-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. ஜெர்மனியில் கதை இன்னும் கறாரானது. 1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் ஜெர்மன் ஷெப்பர்டுக்குச் சங்கம் தொடங்கினார். வேலைக்கு லாயக்கான நாயிலிருந்துதான் குட்டி எடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த எண்ணத்தில் பிறந்த சோதனைதான் ஷுட்ஸ்ஹுண்ட். பிறகு ஐ.பி.ஓ. ஆகி, 2019 முதல் ஐ.ஜி.பி. என்று அழைக்கப்படுகிறது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். மூன்றாவதில் நாய் ஓடி வந்து ஆளின் கைக்கவசத்தைக் கவ்வ வேண்டும். எங்கள் அபார்ட்மெண்டில் அதைப் பயிற்சி செய்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் என்னைக் கவ்விவிடுவார்கள் :-) எனவே நாங்கள் கீழ்ப்படிதலோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்த ஐ.ஜி.பி. விதிப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. கட்டளையை எந்த மொழியிலும் கொடுக்கலாம். ஆனால் ஒரு செயலுக்கு எப்போதும் ஒரே சொல்தான். மைதானத்தில் பாதிப் பேர் 'ஸிட்ஸ்', 'பிளாட்ஸ்', 'ஃபுஸ்' என்று ஜெர்மனில் அதட்டுகிறார்கள், மீதிப் பேர் ஆங்கிலம். சுபேதார் மகளிடம், "உன் வீட்டில் இந்த நாயோடு அதிக நேரம் பேசுவது யார்?" என்று கேட்டார். பாட்டி. "என்ன மொழி?" தமிழ். "அப்படியானால் அதுதான் இதன் மொழி" என்றார். முடிந்தது விஷயம்.

எது தமிழ் என்பதில்தான் வம்பு ஆரம்பித்தது. தங்கமணிக்குக் கோயம்புத்தூர். அவர்கள் ஊரில் நாய்க்கும் மரியாதை உண்டு. "உக்காருங்க சாமி" என்பாள். நான் மதுரையில் படித்து வேலை பார்த்தவன், "உக்கார்றா டேய்". அம்மா "இரி மக்ளே". ஒரு வேலைக்கு மூன்று சொல். மணி மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருப்பான். சுபேதார் ஒவ்வொரு சொல்லையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டே எழுத்து, வெடுக்கென்று முடிகிறது என்று 'இரி'யைத் தேர்ந்தெடுத்தார். கொங்கு நாடு தோற்றது. (வீட்டில் இரண்டு நாள் காபி கொஞ்சம் ஆறிப்போய்தான் வந்தது.)

'இரி' வந்ததும் 'இரு' போயிற்று. காத்திரு என்பதற்கு நாம் சொல்கிற 'இரு'வுக்கும் 'இரி'க்கும் நாய்க்கு என்ன வித்தியாசம் தெரியும்? தவிர, காத்திரு என்று தனியாக ஒரு கட்டளையே தேவையில்லை என்பது சுபேதாரின் கொள்கை. உட்கார் என்றால் அடுத்த சொல் வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான்.

அடுத்த சிக்கல் 'டு'. தமிழில் ஏவல் சொற்கள் எல்லாம் அழகாக, குட்டியாக இருக்கின்றன. படு, எடு, விடு, குடு. மனிதர்களுக்குச் சரி. மரக்கட்டையை எறிந்துவிட்டு மகள் "எடு" என்றால் மணி பவ்யமாகப் படுத்துக்கொள்வான். இதைப் பற்றித் தேடியபோது ஓர் ஆய்வு கிடைத்தது. 2020-ல் புடாபெஸ்டில் ஈட்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில், வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, தெரிந்த சொல்லையும், அதில் ஒரே ஓர் ஒலியை மாற்றிய சொல்லையும், முற்றிலும் அர்த்தமற்ற சொல்லையும் ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். அர்த்தமற்ற சொல்லை மூளை சட்டென்று பிரித்துவிட்டது. ஒரே ஓர் ஒலி மாறிய சொல்லைப் பிரிக்கவில்லை. படுவும் எடுவும் ஒன்றாகக் கேட்டதற்கு மணியைக் கோபித்து என்ன பயன்?

ஆக 'எடு' போய் 'கொண்டா' வந்தது. வாயில் இருப்பதைக் கையில் விடுவதற்கு 'விடு' போய் 'போதும்'. கூடவே நடப்பதற்கு முதலில் 'கூட' என்று வைத்திருந்தோம். அதைக் கேட்டதும் சுபேதார் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தியில் 'கூத்' என்றால் குதி! பக்கத்தில் நிற்கிற நாய்களெல்லாம் குதித்தால் யார் பொறுப்பு என்றார். அதுவும் போய் 'ஒட்டி' ஆயிற்று. படு, நில் இரண்டும் தப்பித்தன.

'வா' தப்பிக்கவில்லை. தமிழில் இதைவிடச் சுத்தமான கட்டளை கிடையாது என்று நினைத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு நாய் தடையைப் பிரமாதமாகத் தாண்டியது. ஓரத்தில் நின்றவர்கள் "வாஹ்! வாஹ்!" என்றார்கள். மைதானத்தின் நடுவில் படுத்திருந்த மணி எழுந்து நேராக அவர்களிடம் ஓடி, முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். பாராட்டுகிற பழக்கம் இல்லாத ஊருக்கா குடிபோக முடியும்? கடைசியில் 'மணி, வா' என்று பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவது, வெறும் வா என்றால் அசையக் கூடாது என்று புதிதாகப் பழக்கினோம். அதற்கு நாலு மாதம் பிடித்தது.

அந்த நாலு மாதமும் அம்மாவின் ராஜ்யம். படுத்திருக்கும் நாய்க்குக் கவனம் சிதறும்படி எதையாவது காட்டி, அசையாமல் இருந்தால் பரிசு தர வேண்டும். முதலில் ஐந்து நொடி, பிறகு பத்து, பிறகு அரை நிமிடம். நாய் எழுந்துவிட்டால் திட்டு கிடையாது, பழைய இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் சின்னதாகத் தொடங்க வேண்டும். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே பரிசு போக வேண்டும், இரண்டு நொடி தாமதித்தால் அது வேறு எதற்கோ கிடைத்த பரிசாகிவிடும். அம்மாவின் கண்டுபிடிப்பு நெத்திலி. கருவாட்டில் உப்பு அதிகம், நாய்க்கு ஆகாது. அதனால் பச்சை நெத்திலியை உப்பில்லாமல் அவித்து உலர்த்தி, முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். கூடத்தில் மணி படுத்திருக்க, அம்மா தட்டோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து "வா, வா, வாஹ்" என்று விதவிதமாகச் சொல்ல, மகள் கையில் கடிகாரத்தோடு நிற்பாள். "பாட்டி, இன்னும் சத்தமா சொல்லுங்க. சும்மா சொல்ற மாதிரி இருக்கு." "இதுக்கு மேல எப்பிடிட்டீ சத்தம் போட? வாட்ச்மேன் வந்துருவான்." நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். மொழிபெயர்க்க எனக்கு வேலை இல்லை.

போட்டி 2024 ஜனவரியில். அதே வார இறுதிக்கு அம்மா ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லி, எடுத்தும் வைத்திருந்தேன். பதினைந்து நாள் முன்னால், "அதக் கேன்சல் பண்ணீரு, பிள்ள தனியா என்ன செய்வா" என்றாள். பிள்ளை என்று சொன்னது மகளையா மணியையா என்று நான் கேட்கவில்லை.

ஏழு நாய்கள். வளையத்துக்குள் உதவியாளர் ஆங்கிலத்தில் "ஃபார்வர்ட்", "அபவுட் டர்ன்", "ஹால்ட்" என்பார். அதைக் கேட்டு மகள் தமிழில் மணிக்குச் சொல்ல வேண்டும். அவள் "ஒட்டி" என்றதும் நடுவர் புருவத்தைத் தூக்கி, எந்த மொழி என்று கேட்டார். "தமிழ், சார்." தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். வாருடன் நடை நன்றாகவே போயிற்று. வாரில்லாத நடையில், ஒரு திருப்பத்தில் யாரோ வடாபாவ் சிந்தியிருந்த இடத்தில் மணியின் மூக்கு கீழே போயிற்று. மதிப்பெண்ணும் போயிற்று. கூப்பிட்டதும் புயல் மாதிரி வந்தான், ஆனால் கோணலாக உட்கார்ந்தான். மரக்கட்டை குறையில்லை.

கடைசியில் எல்லா நாய்களையும் வரிசையாக வைத்துவிட்டு, நடத்துபவர்கள் எதிர்ப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் படுத்து. உட்கார்ந்தது முடிந்தது. படுத்திருந்ததில் ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்து வளையத்தில் ஒரு மாலினுவா தடையைத் தாண்டியது. முப்பது நாற்பது பேர் ஒரே குரலில், "வாஹ்!"

மணியின் தலை நிமிர்ந்தது. காது முன்னால் வந்தது. இரண்டு முழங்கையும் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பின. எதிர்ப்பக்கம் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உதட்டைக் கடித்தபடி நிற்கிறாள், ஒரு சொல் சொல்லக் கூடாது, கண்ணைக்கூட அசைக்கக் கூடாது. என் பக்கத்து நாற்காலியில் அம்மா முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தாள். "மக்ளே, ஒன் பேரச் சொல்லலியே" என்றாள், மூச்சுவிடுகிற சத்தத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி. முழங்கைகள் இறங்கின. மணி ஒரு பெருமூச்சு விட்டுத் தாடையைப் புல்லில் வைத்தான். வரிசையில் இரண்டு நாய்கள் எழுந்து போய்விட்டிருந்தன.

நான்காவது இடம். கோப்பை மூன்று பேருக்குத்தான், எங்களுக்கு ஒரு ரோஸ் நிற ரிப்பன். அதை அம்மா சாமி அலமாரியில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறாள்.

இப்போது அடுத்த வகுப்புக்குத் தயாராகிறார்கள். அதில் நாயை நம்மிடமிருந்து நேராக முன்னால் அனுப்பி, தூரத்தில் குறித்த இடத்தில் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு சொல் வேண்டும். மகள் இயல்பாக 'போ' என்றாள். அம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். "வீட்டுல உள்ள சீவனப் பாத்துப் போன்னு சொல்லப்பிடாது. போயிட்டு வான்னு சொல்லு." போயிட்டு வா என்றால் பாதி தூரம் போய்த் திரும்பி வந்துவிடுவான் என்கிறாள் மகள். 'போ' ஏற்கெனவே 'போதும்' என்பதில் இருக்கிறது, குழப்பும் என்கிறார் சுபேதார். 'முன்னால' நீளம். 'நேரா' பரவாயில்லை, ஆனால் தங்கமணி அதைக் கோவைக்காரி மாதிரி 'நேருங்க' என்கிறாள். மூன்று வாரமாக இதுதான் சாப்பாட்டு மேசையில் பேச்சு. மணி மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.