காற்று புகுந்த வழி

மீன்பிடித் தடைக்காலத்தில் துறைமுகம் தூங்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்குப் போய்வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. எஞ்சின் வேலை எல்லாம் அப்போதுதான். நாகை நண்பர் ஒருவர் என்னை அங்கே ஒரு மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வந்து, ஐம்பதைத் தாண்டியும் அதே கரையில் வேலை செய்பவர்.

படகின் எஞ்சின் அறைக்குள் குனிந்திருந்தார். பில்டர் மாற்றி, நாசில் சர்வீஸ் செய்து, நாசிலுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் மைக்கோ பம்பைக் கழற்றி மாட்டிய எஞ்சின் அது. ஸ்டார்ட் ஆகும், கொஞ்சம் ஓடும், இழுத்து இழுத்து நின்றுவிடும்.

"ஏர் புடிச்சிருக்கு தம்பி" என்றார்.

எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் ஊசி எழும்ப ஏறத்தாழ 200 பார் அழுத்தம் வேண்டும். டீசல் அவ்வளவாகச் சுருங்காது, காற்று சுருங்கிவிடும். குழாயில் காற்று இருந்தால் பம்பு தள்ளுவதெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஊசி எழாது.

ஏர் எடுப்பதைச் சொல்கிறேன். பில்டர் தலையிலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பீடு பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தார். முதலில் வெள்ளை நுரை. பிறகு விட்டு விட்டுக் குமிழி. கடைசியில் கம்பிபோல் டீசல். அது அறுபடாமல் வரும்போதே ஸ்க்ரூவை இறுக்கினார். ஓட்டம் நின்றபின் இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். அடுத்து பம்பு, அதன்பின் நாசில் பைப் நட்டுகள். டேங்க் பக்கமிருந்து நாசிலை நோக்கித்தான் இந்த வரிசை.

எஞ்சின் ஓடியது. மறுபடி நின்றது.

இதற்குமேல்தான் இவருடைய வித்தை. டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு முழ நீளத்தில், உள்ளே ஓடுவது தெரியும் டியூப் ஒன்றை எடுத்தார். வெறும் பிளாஸ்டிக், டீசல் பட்டுப் பட்டு மஞ்சளேறிப் போனது. பீடு பம்புக்கு வரும் லைனில் அதை இடையில் மாட்டி எஞ்சினை ஓட்டச் சொன்னார். டியூபுக்குள் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின. பீடு பம்புக்குப் பிறகு இடைவெளி இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். முன்னால் இருந்தால் டீசல் சொட்டாது. எஞ்சின் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். வெளியில் துளி ஈரம் இருக்காது. டேங்க் பக்க இணைப்பில், நசுங்கிப்போன பழைய செப்பு வாஷர் ஒன்றில் வழி இருந்தது. புது வாஷர் போட்டு ஏர் எடுத்ததும் எஞ்சின் நிற்காமல் ஓடியது.

இதே படகுக்கு இன்னொருவர் "பம்பு போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லியிருந்தாராம். புது பம்பு விற்றால் கடைக்காரர் கமிஷன் தருவார். வாஷருக்கு என்ன தருவார்? "ஏர் எடுக்கிறதுக்கெல்லாமா காசு?" என்று கேட்கும் ஓனர்களும் உண்டு. அந்த ஓனரும் பாவம்தான். ரிப்பேர் செலவுக்கு ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். சீசன் முழுக்க மீனை அவரிடமே போட வேண்டும், விலையை அவரே முடிவுசெய்வார், கமிஷனையும் அவரே பிடித்துக்கொள்வார். அவர் எடுத்ததுபோக மிஞ்சினால்தான் மெக்கானிக் கூலி. கடலில் இறங்காதவனும் ஸ்பேனர் தொடாதவனும் முதலில் எடுத்துக்கொள்ள, கோளாறைக் கண்டுபிடித்தவன் கடைசியில் நிற்கிறான். எனக்கு வயிறு எரிந்தது. பழுதைக் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலியைத் துறைமுகத்துக்குத் துறைமுகம் எழுதி வைக்க வேண்டும். படகுச் சங்கங்கள் மனசு வைத்தால் முடியும்.

அவர் அந்தப் பேச்சில் நிற்கவில்லை. படகு டிரைவரைக் கீழே கூப்பிட்டார். இருபத்தைந்து வயதிருக்கும். வேண்டுமென்றே பில்டர் ஸ்க்ரூவைத் திறந்து லைனில் காற்றை ஏற்றி, "நீ எடு" என்றார். கோடியக்கரைக்குக் கிழக்கே எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை இலங்கை எல்லைப் பக்கம் தள்ளிவிடக்கூடும். அங்கே மெக்கானிக்கைத் தேட முடியாது. பையன் கைப்பிடியை அடித்தான், நுரை வந்தது, அவசரப்பட்டு இறுக்கப் போனான்.

"இருடா, குமிழி இன்னும் வருது பாரு. திருப்பி அடி."