கோட்டை வாயிலில் ஒரு கையெழுத்து

திருக்கோணமலைக்குச் செல்லும் அன்பர்கள் கோணேசரை வணங்க விரைகின்றனர். கடலுள் நீண்டு கிடக்கும் பாறைமுனையிலே, பிரடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே கோயிலுக்கு ஏறல் வேண்டும். அவ்வாயிற் சுவரில் பதிந்துள்ள எழுத்துக் கல்லையும் இரட்டைக் கயலையும் நின்று நோக்குவார் சிலரே. உள்ளே மேயும் புள்ளிமான்களுக்கு வாய்த்த மதிப்பு அவற்றுக்கு வாய்க்கவில்லை!

கல்லில் இருப்பது ஒரு தமிழ்ப் பாட்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்பது அதன் கருத்து. ஊரார் அதனை மனப்பாடமாகச் சொல்வர். கல்லிலோ எழுத்துகள் பல சிதைந்துள்ளன. பழைய கல்வெட்டுகளிற் புள்ளியும் பெரும்பாலும் இராது. ரகரமும் காலும் ஒரே வடிவாய் நிற்கும். ஆகவே, பாட்டை முன்பே அறிந்தவன் கண் கல்லில் இல்லாத எழுத்தையும் கண்டுவிடும். யானும் முதன்முறை அவ்வாறே 'படித்தேன்'. எழுத்தெழுத்தாகத் தாளில் வரைந்தபோதுதான் என் கண் செய்த களவு வெளிப்பட்டது.

போர்த்துக்கேயர் கோயிலை இடித்தது 1622இல். அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. பாட்டு அதற்கு முந்தியதாயின் தீர்க்கதரிசனம், பிந்தியதாயின் புலம்பல். கல் கோயிலுடையதாயினும், எழுத்துப் பின்னர் வெட்டப்பட்டிருக்கலாமன்றோ? எழுத்தின் வடிவே காலம் சொல்லும் என்பர். சொல்லும், ஆனால் எவ்வளவு நுட்பமாக?

ஆங்கில நாட்டிலும் இத்தொல்லை உண்டு. 'பேயோவுல்ஃப்' என்னும் பழங்காவியத்திற்கு எஞ்சியிருப்பது ஒரே தோற்சுவடி. அதில் ஆண்டுக் குறிப்பு இல்லை. எழுத்தை ஒப்பிட்டே அது ஏறத்தாழ 1000ஆம் ஆண்டினது என்றனர். அதனை எழுதியோர் இருவர். முதல்வர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த இரண்டாமவரின் எழுத்தோ, முதல்வரினதைக் காட்டிலும் பழைய பாணியினது! இளமையிற் பழகிய எழுத்தை முதுமையிலும் விடாதவர் போலும். இத்தகைய கைகளை வைத்துக்கொண்டு ஐந்து பத்து ஆண்டுகளை எங்ஙனம் பிரிப்பது?

ஆண்டு கூறும் கற்களே இத்துறைக்கு அளவுகோல். இக்கோட்டையினுள்ளேயே கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டொன்று கிடைத்தது. சோடகங்கன் என்பானையும் கோகர்ணத்தையும் குறிக்கும் அது, சகம் 1145, அதாவது கி.பி. 1223 எனத் தெளிவாகக் கூறுகின்றது. வாயிற்கல்லில் அத்தகைய ஆண்டு காணோம். நூற்றாண்டை அதன் எழுத்துக் காட்டலாம்; 1622க்கு முன்னா பின்னா என்பதை எழுத்து மட்டும் தீர்த்துவிடாது.

மாணவர்கள் அங்குச் செல்வதாயின், சாய்வெயில் வேளையிற் செல்க. அப்போதுதான் தேய்ந்த கோடுகளில் நிழல் விழும். சுண்ணக்கட்டியால் எழுத்தைத் தேய்க்க வேண்டா. தாளும் பென்சிலும் போதும். முதலில் கல்லைப் பார்த்து வரைந்துவிட்டு, பாட்டைப் பிறகு கேட்டுக்கொள்ளுங்கள்.