இரும்புக் கோட்டை

புணேயிலிருந்து லோணாவளாவுக்குச் செல்லும் தொடர்வண்டி தளேகாவைக் கடந்ததும், இடப்புறச் சாளரத்தில் மலைகள் நெருங்கி வரத் தொடங்குகின்றன. வட்காவ், கான்ஹே, காம்ஷேத் ஆகிய நிலையங்களுக்கு அடுத்து வருவது மளவ்லி. அங்கே இறங்கித் தெற்கே நோக்குபவர் கண்ணில் முதலில் படுவது விசாப்பூர் மலை. அதன் தோளுக்குப் பின்னால், சற்றே தாழ்ந்து, லோஹகட் நிற்கிறது. பெயருக்கு இரும்புக் கோட்டை என்பது பொருள். இரும்பு அங்கே எதுவுமில்லை, எல்லாம் கருங்கல்.

இந்த மலைமேல் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதற்கு விடை கீழே கிடக்கும் பாதையில் இருக்கிறது. கொங்கணக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து தக்காண மேட்டுநிலத்திற்கு ஏறும் பழைய வணிகவழி, போர் கணவாய் வழியாக இப்பக்கமே வந்தது. மலையடிவாரத்து பாஜே சிற்றூரில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் குடைந்த பௌத்தக் குகைகள் இருப்பதும் அவ்வழியாலேதான். வழியைக் காத்தவன் சுங்கத்தைப் பெற்றான். ஆகவே பாமினி அரசர், அகமதுநகர நிஜாம்ஷாகியர், முகலாயர், மராத்தியர் என்று ஒருவர்பின் ஒருவராகக் கோட்டையைக் கைப்பற்றினர். சிவாஜி 1665ஆம் ஆண்டுப் புரந்தர் உடன்படிக்கையின்படி முகலாயருக்கு விட்டுக்கொடுத்த 23 கோட்டைகளுள் இதுவும் ஒன்று. ஐந்தே ஆண்டுகளில், 1670இல், அதை அவர் மீட்டுக்கொண்டார்.

ஏறும் வழியில் கணேசர், நாராயணர், அனுமன் பெயர்களில் மூன்று வாயில்களும், நான்காவதாக மகா தர்வாஜா எனப்படும் பெருவாயிலும் உள்ளன. நேராக ஏறிவிட முடியாது. படிக்கட்டு பாம்பைப்போல் வளைந்து செல்ல, ஏறுபவரின் தலைக்குமேல் எப்போதும் ஒரு மதில் நிற்கிறது. யானை ஓடிவந்து கதவை முட்டுவதற்கு இடமில்லை. மேலிருந்து கல்லை உருட்டவோ, மதிலின் துளைவழியே சுடவோ இரண்டு மூன்று பேர் போதும். எதிரியின் கண்ணால் பார்த்தால்தான் இக்கட்டடக் கலையின் நுட்பம் விளங்கும். கணேச வாயிலைக் கட்டும்போது ஒரு தம்பதியர் பலியிடப்பட்டனர் என்றும், அதற்கு ஈடாக அவர்தம் குடும்பத்திற்கு அடிவாரத்து லோஹகட்வாடியின் ஊர்த்தலைமை அளிக்கப்பட்டது என்றும் ஒரு வழிவழிச் செய்தி உண்டு. உண்மையோ கதையோ, அதைக் கேட்டபின் அந்த வாயிலை யாரும் விரைந்து கடப்பதில்லை.

மேலே சென்றதும் பலர் தேடுவது காட்சியை. தேடவேண்டியது தண்ணீரை. தக்காணத்தின் எரிமலைக் கருங்கல் மழைநீரை எளிதில் உள்வாங்காது. சூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையைப் பிடித்துவைத்தால்தான் எஞ்சிய எட்டு மாதங்களுக்கு உயிர். ஆகவே பாறையையே வெட்டிக் குளங்களாக்கினர். வெட்டியெடுத்த கல் மதிலுக்கும் கட்டடங்களுக்கும் பயன்பட்டது. அவற்றுள் பெரியது பதினாறு மூலைகள் கொண்ட குளம். பேஷ்வாக்களின் அமைச்சராயிருந்த நானா பட்னவீஸ் கட்டுவித்தது அது. நாராயண வாயிலும் அவர் செய்த பணியே; அதனருகே அரிசியும் கேழ்வரகும் சேமிக்க நிலவறை உண்டு. எண்ணிப் பார்த்தால், வாளேந்திய வீரரைவிடக் கணக்கெழுதிய இந்த மனிதரே கோட்டையின் இயல்பை நன்கு அறிந்தவர் எனத் தோன்றும். பட்னவீஸ் என்பதே கணக்கு அலுவலரின் பதவிப்பெயர்தான்.

பசி எத்தகைய படைக்கலம் என்பதை அவர் காலத்திலேயே தளேகாவ் கண்டது. 1779 சனவரியில் பம்பாயிலிருந்து புணே நோக்கி வந்த ஆங்கிலப் படை தளேகாவை அடைந்தபோது, ஊர் எரிந்து வெறுமையாகக் கிடந்தது. உண்ண எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. பெரும் பீரங்கிகளை அங்கிருந்த குளத்தில் தள்ளிவிட்டு, இரவோடு இரவாகப் பின்வாங்கிய அப்படை வட்காவில் சூழப்பட்டுப் பணிந்தது. புணே செல்லும் வழியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கடக்கும் அதே வட்காவ்தான்.

லோஹகடின் மேற்கு முனையில், மலை ஒரு நீண்ட ஒடுங்கிய விளிம்பாக வெளியே நீளுகிறது. அதற்கு விஞ்சு காட்டா, அதாவது தேள்கொடுக்கு, என்று பெயர். ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமுமுள்ள அதன் இருபுறமும் செங்குத்துச் சரிவு. கீழே பவனா அணையின் நீர்ப்பரப்பு. அதற்கப்பால் துங், திகோனா என்னும் இரு கோட்டைகளின் கூரிய முடிகள். அந்த அழகில் மயங்கிய எவரும் கிழக்கே திரும்பிப் பார்ப்பதில்லை. வரலாறு அங்கேதான் காத்திருக்கிறது.

கிழக்கே நிற்கும் விசாப்பூர், லோஹகடைவிட ஐம்பது மீட்டர் அளவுக்கு உயரமானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேஷ்வா பாலாஜி விசுவநாத் காலத்தில் அதன்மேல் கோட்டை எழுந்தது. லோஹகடுக்குத் துணையாக அமைந்த அது, பகைவர் கைக்குப் போனால் என்னவாகும்? 1818 மார்ச் 4இல் அதுவே நிகழ்ந்தது. மூன்றாம் ஆங்கில மராத்தியப் போரில் ஆங்கிலப் படை விசாப்பூரைப் பிடித்தது. அந்த உயரத்தில் பீரங்கி ஏறிவிட்டால், நான்கு வாயில்களும் பாம்புப் படிகளும் பயனற்றவை. மறுநாளே லோஹகட் எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் விசாப்பூரின் வாயில்கள் தகர்க்கப்பட்டன. லோஹகடில் சிறு காவற்படை ஒன்று சில காலம் தங்கியது. அதன் வாயில்கள் இன்றும் முழுமையாக நிற்பதற்குக் காரணம் அவற்றின் வலிமை மட்டுமன்று. அன்று அவற்றின் பின்னால் நின்று யாரும் போரிடாததும்தான்.

தளேகாவில் பணியின் பொருட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இக்கோட்டை அயலூர்ப் பொருளாகத் தோன்றலாம். 2025 சூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில், அவற்றுள் லோஹகட் ஒன்று. பன்னிரண்டாவது விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றிப் புதிய அரண்களால் வலுப்படுத்தினார். அவர் மகன் இராசாராம் 1689இல் தாயகத்தை விட்டுத் தெற்கே வந்து, செஞ்சியையே தம் தலைநகராக்கிக்கொண்டார். முகலாயப் படை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டது. 1698இல் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் ஏற்கெனவே தப்பிச் சென்றிருந்தார். மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து, வற்றாத சுனைகளும் பெரிய களஞ்சியங்களும் கொண்டிருந்தமையால்தான் செஞ்சி அத்தனை ஆண்டுகள் தாங்கிற்று. லோஹகடின் குளத்தையும் நிலவறையையும் கண்டவருக்கு அதனை விளக்கிக் கூறத் தேவையில்லை.

மழைக்கால ஞாயிறுகளில் லோஹகடின் படிகளில் கூட்டம் மிகுந்து, ஏறுவோரும் இறங்குவோரும் வாயிலுக்குள் நெருக்கியடிக்கும் நிலை ஏற்படுகிறது. பகைவரைத் தடுக்கச் செய்த வளைவு இப்போது விருந்தினரைத் தடுக்கிறது. பாசிபடிந்த படியில் கால் வழுக்கும். விளிம்பில் நின்று படமெடுப்பது அறிவுடைமையாகாது. மதிற்கல்லில் தம் பெயரைக் கீறிச் செல்வோரும் உளர். சத்திரபதிகளும் பேஷ்வாக்களும் செய்யத் துணியாத செயல் அது. மழை ஓய்ந்த அக்டோபர் மாதத்தின் ஒரு வேலைநாளில் செல்பவருக்கே குளங்கள் நிறைந்தும் படிகள் வெறுமையாகவும் கிடைக்கும்.

விசாப்பூருக்கோ இன்றும் குறைந்த பேரே செல்கின்றனர். மழைநீர் ஓடையாக இறங்கும் உடைந்த படிகளின் வழியே ஏறவேண்டும். மேலே நீண்ட மதிலும், ஒரு பீரங்கியும், காற்றும். இரண்டு மலைகளுக்கும் நடுவிலுள்ள கணவாயில் இறங்கி லோஹகட்வாடியை அடைபவருக்கு, வீட்டுத் திண்ணையிலேயே சூடான பாக்ரியும் பிட்லாவும் கிடைக்கும். கோட்டைக்குக் காவல் தந்த ஊர் இன்று கோட்டைக்கு வருபவர்க்குச் சோறிடுகிறது. பக்கத்துத் திண்ணையில் ஒரு பாட்டி, கணேச வாயிலின் கதையைக் கேட்பவர் எவரென்று பார்த்துக்கொண்டிருப்பாள்.