கேட்கக் கூசிய விலாசம்

சிட்லபாக்கத்தில் வழி கேட்பதைப் போலச் சுலபமான காரியம் வேறில்லை. "நல்ல தையற்காரர் எங்கே இருக்கிறார்?" என்று ஒரு வாசலில் கேட்டால், மூன்று வாசலிலிருந்து பதில் வரும். பல் வைத்தியர், பாட்டு வாத்தியார், வடாம் இட்டு விற்கும் மாமி, எல்லோருடைய விலாசமும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் ஒரே ஒரு விலாசத்தை மட்டும் அங்கே யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதைத் தேடித்தான் போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே போனால் சிட்லபாக்கம். ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. வயல்கள் வீடுகளாகிவிட்டன, ஏரி மட்டும் எஞ்சியிருக்கிறது. அங்கேதான் என் பெரியம்மா மகள் குடியிருக்கிறாள். "நீ பத்திரிகைக்காரி, உனக்குத் தெரிந்திருக்கும். போனில் சொல்ல முடியாது, நேரே வா" என்று கூப்பிட்டிருந்தாள்.

சமையலறைக்குள் போனதும் அக்கா முதலில் செய்த காரியம், குழாயைத் திறந்துவிட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குப் பேச்சு கேட்காதல்லவா?

"ஒரு சிநேகிதிக்காகக் கேட்கிறேன். அவள் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம்... பழக்கம். அதற்கு இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஏதாவது உண்டா?"

நானும் சிநேகிதியை நம்பியவளாகவே காபிக்குச் சர்க்கரை எடுக்கப் போனேன். தவறிப்போய்ப் பருப்பு டப்பாவைத் திறந்துவிட்டேன். உள்ளே ஒரு பொட்டலம். "சாம்பாரில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாமல் குடி மறக்கும்" என்று மேலே அச்சடித்திருந்தது.

"அக்கா, உன் சிநேகிதியின் பொடி உன் பருப்பு டப்பாவுக்குள் எப்படி வந்தது?"

அக்கா பதில் சொல்லவில்லை. குழாயை மூடினாள். பிறகு அழுதாள்.

ஆறு வருஷக் கதை அது. அத்தான் நல்ல உத்தியோகஸ்தர். குழந்தைகள் மேல் உயிர். ஆரம்பத்தில், ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாளும் சொட்டுத் தொடமாட்டார். மலையிறங்கி வந்ததும் பழையபடிதான். போன சித்திரையில் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தினார். மறுநாளே கை நடுங்கிற்று. அன்றிரவு வலிப்பு வந்துவிட்டது. பயந்துபோன அக்கா, "கொஞ்சம் குடித்துவிடுங்களேன்" என்று தானே எடுத்துக் கொடுத்தாளாம்!

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நெடுநாள் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று அது நின்றால் தடுமாறுகிறது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே நிறுத்துவது டாக்டர் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

பொடி விஷயமும் அப்படியே. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. டென்மார்க் நாட்டு டாக்டர்கள் அதை 1948-இல் வெளியிட்டார்கள். ஆனால் சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. தெரியாமல் உட்கொண்டவர் மேலே குடித்தால் படபடப்பும் வாந்தியும் வந்து ரத்த அழுத்தம் விழும், உயிரே போகலாம். பெயர் தெரியாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? அன்றைக்கே அது குப்பைக்குப் போயிற்று.

அடுத்த வாரம் அக்காவும் நானும் புறப்பட்டோம். ஷேர் ஆட்டோவில் மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி. அங்கிருந்து பறக்கும் ரயிலில் நாலாவது நிலையம் இந்திரா நகர். அங்கேதான் இருக்கிறது டி.டி.கே. மருத்துவமனை. அதன் கதையை ரயிலிலேயே அக்காவுக்குச் சொன்னேன்.

மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர் டி.டி. ரங்கநாதன். செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத குடும்பம். அப்படியிருந்தும் குடிநோய் அவரை 1979-இல் கொண்டு போய்விட்டது. அவருடைய இளம் மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. தம் வீட்டில் நடந்ததை ஊரறியச் சொல்லி, 1980-இல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்த மருத்துவமனை. 1989-இல் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சை முகாமைக் கொண்டு போனார்கள். 1992-இல் அந்த அம்மாளுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"அவர்கள் வீட்டிலுமா?" என்றாள் அக்கா. அப்புறம் இறங்கும் வரை பேசவில்லை.

குடிப்பழக்கத்தை அங்கே ஒழுக்கக்கேடாகக் கருதுவதில்லை, நோயாகவே கருதுகிறார்கள். முதலில் உடம்பைத் தேற்றுகிறார்கள். பிறகு மனத்துக்கு ஆலோசனை. வீடு திரும்பிய பின்பும் தொடர்பு விடுவதில்லை. இதைவிட முக்கியம், குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை உண்டு. "எனக்கு என்ன வியாதி, எனக்கு எதற்கு?" என்று அக்கா கேட்டாள். அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம் ஒரு சின்ன விஷயம்: அத்தான் எழுந்திருக்க முடியாத நாட்களில் ஆபீசுக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொன்னது யார்? அந்தப் பொய் நின்ற மூன்றாவது வாரம், அத்தான் தாமாகவே "நான் வருகிறேன்" என்றார்.

எல்லோரும் இந்திரா நகர் வரை போக வேண்டியதில்லை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். மனக்கலக்கத்துக்கு 14416-இல் தமிழிலேயே பேசலாம். தனியார் நிலையமானால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா, உறவினர் பார்க்க விடுகிறார்களா என்று நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள். கட்டிப்போட்டு அடிப்பது வைத்தியமல்ல.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற சங்கமும் உண்டு. 1935-இல் அமெரிக்காவில் குடியால் நொந்த பங்குத் தரகர் ஒருவரும் டாக்டர் ஒருவரும் தொடங்கியது. கட்டணமில்லை, முழுப்பெயரும் சொல்ல வேண்டாம். மனைவிமார்களுக்கும் மற்ற உறவினருக்கும் 1951-இல் தோன்றியது அல்-அனான். கணவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் மனைவி அதற்குப் போகலாம்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொங்கல் சமயத்தில் அத்தான் ஒரு நாள் தவறிவிட்டார். முன்னைப்போல் அக்கா ஒப்பாரி வைக்கவில்லை. மறுநாள் காலையில் இருவருமாகவே இந்திரா நகருக்குப் போனார்கள். அதற்குப் பின் இன்றுவரை ஐந்து மாதம்.

சானடோரியம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே வைத்தியசாலை தொடங்கிய நாளில், அந்த நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் கூசின. இன்று அந்த வைத்தியசாலையின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம்! டிக்கெட் வாங்க யாரும் கூசுவதில்லை.

சென்ற வாரம் அக்கா வீட்டில் இருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். "என் தங்கைக்குத் தெரிந்தவள் ஒருத்திக்காகக் கேட்கிறேன்..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கள். என் வீட்டுக்காரருக்கும் அந்த வியாதிதான். விலாசம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். குழாயை அவள் திறக்கவில்லை.