காற்றுக்கும் காசு!

விருதுநகரில் இறங்கினால் எண்ணெய் பரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இது அத்தானின் கொள்கை. அன்றைக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மனசு சரியில்லை.

விஷயம் இதுதான். அத்தானுடைய அப்பா ஓட்டிய பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வீட்டில் நிற்கிறது. ஜெர்மனியில் இருக்கும் மகன், "தாத்தா வண்டி எனக்கு வேணும்ப்பா, கப்பல்ல அனுப்புங்க" என்று போன் பண்ணிவிட்டான். அத்தானோடு படித்தவர் சிவகாசியில் ஏற்றுமதி ஏஜென்ட். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

திருத்தங்கல் தாண்டியதும் சுவரெல்லாம் பட்டாசு விளம்பரம். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தப் பொறிதான் பட்டாசு, அச்சகம் என்று பரவி இந்த வறண்ட பூமிக்குச் சோறு போடுகிறது.

ஏஜென்ட் அண்ணாச்சி டேப்பும் கால்குலேட்டருமாக உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நூறு கிலோதான் அண்ணாச்சி இருக்கும்" என்று அத்தான் ஆரம்பித்தார், ஏதோ கத்தரிக்காய் எடை போடுவதுபோல.

"கிலோவை விடுங்க. பெட்டி என்ன சைஸ்?"

தச்சர் சொன்ன அளவு: நீளம் 2 மீட்டர், அகலம் 0.8, உயரம் 1.25. பெருக்கினார். சரியாக 2 கன மீட்டர்!

"கப்பல்காரன் கணக்குல ஒரு கன மீட்டரும் ஒரு டன்னும் ஒண்ணு. ரெண்டுல எது கூடுதலோ அதுக்குத்தான் வாடகை. பெட்டியோட சேர்த்து உங்க வண்டி 150 கிலோ. ஆனா நீங்க கட்டப்போறது 2 டன்னுக்கு!"

அத்தானுக்குத் தலை சுற்றியது. "அப்போ காற்றுக்குமா காசு?"

"பின்னே? இடத்தை அடைக்குதுல்ல! 4 மீட்டர் நீளம், 1.7 அகலம், 1.5 உயரம்னு ஒரு கார் இருந்தா 10 கன மீட்டருக்கு மேல. நிஜ எடை ஒரு டன்னோ என்னவோ! எண்ணூர்ல புதுக் கார்களை ஓட்டிக்கிட்டே கப்பலுக்குள்ள ஏத்துறாங்களே, அங்கேயும் வாடகை பெரும்பாலும் இப்படித்தான். படகுன்னா அது உக்காந்திருக்கிற மரச்சட்டத்தையும் சேர்த்து அளப்பாங்க. பாய்மரத்தைக் கழட்டாம அனுப்புறவன் வானத்துக்கு வாடகை கட்டணும்!"

இதோடு முடிந்ததா? துறைமுகக் கூலி, எரிபொருள் விலைக்கேற்ப ஏறி இறங்கும் கூடுதல் கட்டணம், சுங்க ஏஜென்ட் கூலி, சரக்கு விலையும் வாடகையும் சேர்ந்த தொகைக்கு மேல் 10 சதவீதம் கூட்டி இன்ஷூரன்ஸ், அந்தக் கரையில் இறக்குகூலி... பட்டியல் சரவெடி மாதிரி நீண்டது. சில சமயம் கடல் வாடகையைவிட இரண்டு கரைச் செலவும்தான் அதிகமாம்!

தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, அதை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனி ஜனங்களை ஓசியில் ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஹூம்... அந்தக் காலத்தில் அத்தான் பிறக்கவில்லை!

"ஒரு வழி இருக்கு" என்றார் அண்ணாச்சி. "முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடியைக் கழட்டுங்க. 1.6, 0.65, 0.95-ல பெட்டி அடிச்சா ஒரு கன மீட்டருக்குள்ள அடங்கிரும். கடல் வாடகை பாதி!"

அத்தான் முகம் சுருங்கியது. "அப்பா ஒரு ஸ்குரூகூட வெளியாள் கையில குடுக்கமாட்டார்..."

"அப்போ நீங்களே கழட்டுங்க. உங்க மகன் அங்க மாட்டிக்கட்டும். அவருக்கும் வண்டி பழகணும்லா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அத்தான் தலையாட்டினார். ஆட்டியவர் சும்மா இருந்தாரா? "பெட்டியில மிச்ச இடத்துல பேரனுக்கு நாலு கம்பி மத்தாப்பு..."

அண்ணாச்சி எழுந்தே விட்டார். "அய்யய்யோ! கப்பல் சட்டத்துல பட்டாசு முதல் வகுப்பு அபாயச் சரக்கு. தீப்பெட்டிக்கும் தனி வகுப்பு இருக்கு. சொல்லாம வச்சு ஒண்ணு பத்திக்கிட்டா கப்பல்ல இருக்கிறவன் எங்க ஓடுவான்? நடுக்கடல்ல பயர் சர்வீஸா வரும்? வண்டியிலகூடப் பெட்ரோலை ஒட்ட எடுத்து, பேட்டரி ஒயரைப் பிரிச்சுத்தான் அனுப்பணும்."

நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு இங்கேதான் தயாராகிறது. ஆனால் ஏற்றுமதி சொற்பம். ஏற்றிப்போகக் கப்பல் கம்பெனிகளே தயங்குகின்றன என்றார் அண்ணாச்சி. வானத்தில் பூப்பூக்கும் சரக்குக்குக் கடல் தாண்ட வழியில்லை!

மறுவாரம் அத்தானே ஸ்பேனர் பிடித்தார். ஒவ்வொரு திருகையும் துணியில் முடிந்து, எது எங்கே என்று சீட்டு எழுதி வைத்தார். கடைசியில் சீட் மேல், சரக்குப் பட்டியலிலும் எழுதிவிட்டு, ஒன்றை வைத்தார்.

சிவகாசி தினசரி காலண்டர். "நல்ல நேரம் பார்த்து ஸ்டார்ட் பண்ணட்டும்!"