மச்சான் பிடித்த கயிறு

"மற்றக் கடிகாரம் மணி காட்டும், எங்கள் கடிகாரம் உயிர் காக்கும்!"

2012-ல், பொறியியல் மாணவர்களுக்கான ஒரு போட்டிக்கு நாங்கள் நால்வர் எழுதி வைத்த வாசகம் இது. கடைசி வருஷ மாணவனுக்கு அடக்கம் ஏது?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. ஆனால் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு. படகில் கம்ப்ரஸர் ஓடும். அது அனுப்பும் காற்றைக் குழாய் வழியே சுவாசித்தபடி, கடலடியில் நெடுநேரம் சங்கு தேடுவார்கள். 10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்துவிடும். அவசரமாக மேலே வந்தாலோ, கோலி சோடாவை உடைத்தாற்போல் உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டு வலி, பக்கவாதம், சில சமயம் மரணம்!

எங்கள் கருவியைக் கையில் கட்டிக்கொண்டால் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, புளூடூத் மூலம் படகிலுள்ள செல்போனுக்குச் சொல்லும். மேஜைமேல் பிரமாதமாகச் சொல்லிற்று.

சங்கு குளிக்கும் ஓர் அண்ணாச்சியின் கையில் கட்டிக் கடலில் இறக்கினோம். கை தண்ணீருக்குள் போனதுதான் தாமதம், செல்போன் மௌனவிரதம் பூண்டது! உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல முத்துக்குளிக்கிறவனுக்கு மேலேருந்து கயிறு பிடிக்கிறவன் யாரு தெரியுமா தம்பி? மச்சான்! தங்கச்சி தாலில்லா அவன் கையில இருக்கு!" என்றார். பிறகு காற்றுக் குழாயைத் தட்டிக் காட்டி, "இது மேல வரைக்கும் போகுதே, உங்க ஒயரை இதோட கட்டுனா என்ன?" என்று கேட்டார்.

நாலு வருஷப் படிப்பு தலைகுனிந்தது. அன்றிரவே குழாயோடு ஒயரைக் கட்டி, அதன் படகு முனையில் ஒரு மணியைப் பொருத்தினோம்.

போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. தொங்கும் ஒயர் நடுவர்களுக்குப் பழம்பாணியாகப் பட்டது. ஆனால் எனக்கு மறக்காமலிருப்பது, அதற்கு முந்தின நாள் கடலில் நடந்த சோதனைதான். மணி கணீரென்று அடித்தது. நாங்கள் நால்வரும் கைதட்டினோம். ஒருவர் மட்டும் கைதட்டாமல் பாய்ந்து போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக் கொண்டு நின்றார்.

அவர் யார் என்கிறீர்கள்? அண்ணாச்சியின் மச்சான்!