ஐம்பது பீஸுக்கும் ஒரு மேசை

ஸ்ட்ரீட்வேர் வரலாறு கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் தொடங்குகிறது என்பார்கள். அங்கே அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஷான் ஸ்டூசி, பலகைகளில் மார்க்கரால் போட்ட தன் கையெழுத்தையே டி-சர்ட்டில் அச்சடித்து விற்றார். 1984இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து அதைத் துணித் தொழிலாக்கினார். அவர்களது நியூயார்க் கடையில் இருந்த ஜேம்ஸ் ஜெபியா, 1994இல் லஃபாயெட் தெருவில் சுப்ரீம் கடையைத் திறந்தார். பெரிய முதல் இல்லாமல், ஒரு டிசைனும் கொஞ்சம் சட்டைகளும் கொண்டு பிராண்ட் தொடங்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. அந்தக் கொஞ்சம் சட்டைகளை நம் ஊர் இளைஞர்களுக்கு யார் அச்சடித்துத் தருகிறார்கள் என்று பார்க்கத் திருப்பூர் போனேன்.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில்தான் ஆர்டர் எடுக்கும். ஐம்பது, நூறு பீஸ் கேட்டு வருபவர்களுக்கு ஜாப் ஒர்க் பட்டறைகள்தான் கதி. நான் போன பட்டறையில் தகரக் கூரையின் கீழ் நீளமான மேசைகள் இருந்தன. அவற்றின் மேல் இன்னும் தைக்காத கறுப்பு முன்பக்கத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். 240 ஜிஎஸ்எம் கனத்த துணி. ஓவர்சைஸ் சட்டைக்கு இந்தக் கனம் வேண்டும். தைத்தபின் அச்சு கெட்டால் முழுச் சட்டையும் வீண். இப்போது கெட்டால் ஒரு துண்டோடு போகும்.

இருவர் ஸ்கிரீனை எதிரெதிரே பிடித்து, ஸ்குவீஜியால் மையை இழுத்து, தூக்கி, அடுத்த துண்டுக்கு நகர்ந்தார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். ஒரு நிறத்தின் விளிம்பில் அடுத்த நிறம் பிசகாமல் உட்கார வேண்டும்.

“கறுப்புல வெள்ளை போடறதுதானுங்க சிரமம்” என்றார் மாஸ்டர். ஒரே இழுப்பில் வெள்ளை சாம்பலாகத் தெரியும். இரண்டாம் இழுப்பு மயிரிழை தவறாமல் அதே இடத்தில் விழ வேண்டும். பிறகு பிளாஸ்டிசால் மையை ஏறத்தாழ 160 டிகிரியில் வேகவைக்கிறார்கள். சூடு குறைந்தால் சில சலவையிலேயே அச்சு வெடித்துவிடும். பழி பிராண்டின் மேல் விழும்.

“ஐம்பது பீஸுன்னாலும் ஐயாயிரம்னாலும் ஸ்கிரீன் வேலை ஒண்ணுதானுங்க.” ஃபிலிம் எடுத்து, எமல்ஷன் பூசி, ஒளி காட்டி, கழுவி, நிறம் கலக்கும் உழைப்பு எதுவும் குறையாது. கூலியோ பீஸ் கணக்கு. சின்ன ஆர்டரில் இந்த ஆயத்த வேலைக்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சுவதில்லை. சுயேச்சையான பிராண்டுகளின் முதல் முதலீட்டாளர்கள் இவர்கள்தான் என்பேன். ஸ்கிரீனுக்கும் ஆயத்த வேலைக்கும் தனியாகப் பணம் கொடுக்காமல் பேரம் பேசுகிற பிராண்ட் தன்னைச் சுயேச்சையானது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

இந்த ஊருக்கும் எழுதப்பட வேண்டிய வரலாறு உண்டு. ஸ்டூசி தொழிலாக உருவெடுத்த அதே 1984இல், பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட் என்றாலும், பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் ‘ஒன்றரை ஷிப்ட்’ இன்றும் இங்கே பழகிப்போன பேச்சு.

செக்கிங் மேசையில் இருந்த அக்கா, கழுத்தின் உட்புறம் அச்சான சைஸையும் பிராண்ட் பெயரையும் காட்டினார். “இதையும் நாங்கதானுங்க அடிக்கிறோம். எங்க ஊர் பேரையும் சின்னதா போட்டா என்னங்க, இன்னொரு ஸ்கிரீனா ஆகப்போகுது?” ஆகாது என்றார் மாஸ்டர். அதே ஃபிலிமில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.